டென்மார்க் பரிகாரம்

அந்த டப்பாவை மடியில் வைத்து இப்படி இறுக்கிப் பிடிக்க வேண்டாம், கோகிலவாணி. மேசைமேல் வை. மூடி திறந்துகொண்டால் சுடிதார் வீணாகிவிடும். புதுசுதானே? விலைச்சீட்டு கட்டியிருந்த நூல் இன்னும் கழுத்துக்குப் பின்னால் தொங்குகிறது. பிறந்தநாளுக்கு அம்மா எடுத்துக் கொடுத்தது. சரிதானே? நான் இதையெல்லாம் கவனிப்பேன்.

கதவைத் தாழ் போடவில்லை, பயப்படாதே. ஹாலில் உன் அம்மாவும் என் அம்மாவும் காபி குடிக்கிறார்கள். "முதல்ல பொண்ணுகிட்டத் தனியா நாலு வார்த்தை பேசணும், அதுதான் முறை" என்று சொல்லி உன்னை உள்ளே கூட்டி வந்தேன் இல்லையா? அப்படி ஒரு முறை கிடையாது. நானாக வைத்துக்கொண்டது. வருகிற பெண்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கூச்ச சுபாவமுள்ள பெண். அதிகம் பேச மாட்டேன். கல்லூரியில் மூன்று வருஷமும் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுத்ததோடு சரி. சைக்காலஜி படித்தேன், அதனால் மனிதர்களைப் பார்த்தாலே ஓரளவு புரிந்துவிடும். இன்னொன்று, பொய் சொல்ல மாட்டேன். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேள்.

இந்தப் பரிகாரம் பரிகாரமே இல்லை.

பார், உடனே நிமிர்ந்துவிட்டாய். தீபிகாவும் இப்படித்தான் நிமிர்ந்தாள். தீபிகா யாரென்றால் பக்கத்து வீட்டு மரகதம் அத்தையின் பெண். அவளிடம் பிறகு வருகிறேன். முதலில் டென்மார்க்.

எனக்குக் களத்திர தோஷம் என்று எங்கள் ஜோசியர் சொல்லியிருந்தார். அம்மா என்னை அழைத்துப் போகாத கோயில் இல்லை. வாழை மரத்துக்குத் தாலி கட்டினேன். வாழை மரம் என்னைக் கட்டியதா, நான் அதைக் கட்டினேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்துக் கொடுத்து, எங்கள் தெரு மாடுகள் என்னைக் கண்டாலே கூட வர ஆரம்பித்துவிட்டன. கடைசியில் ஜோசியர், இருபத்தைந்து முடிகிறவரை எதுவும் அமையாது, முடிந்த மறுநாளே வரன் வாசலில் நிற்கும் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்தான் எனக்கு விசா. அதுவரை உடுமலையில் சும்மா இருப்பதற்குப் பதிலாக ஒரு வருஷம் வெளிநாட்டில் தொண்டு செய்துவிட்டு வருகிறேன் என்றேன். விண்ணப்பம் முழுக்கக் கம்ப்யூட்டரில். யாரிடமும் பேசவேண்டியதில்லை. கிடைத்துவிட்டது.

நான் போன இடம் டென்மார்க்கில் ஒரு கிராமம். பிறர் துணை தேவைப்படுகிற வளர்ந்த மனிதர்கள் சேர்ந்து வாழ்கிற ஒரு பெரிய வீடு. மாட்டுத் தொழுவம், காய்கறித் தோட்டம், ஒரு சின்ன பேக்கரி எல்லாம் உண்டு. எனக்கு பேக்கரியில் வேலை. என்னோடு மாவு பிசைந்தவர் பிரேபென். நாற்பதைத் தாண்டியவர், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். பேக்கரி வேலையைவிட அவருக்கு முக்கியமான வேலை ஒன்று உண்டு. அந்த ஊரில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் முற்றத்துக் கம்பத்தில் தேசியக் கொடி ஏற்றுவார்கள். ஆமாம், நம் ஊரில் சுதந்திர தினத்துக்கு ஏற்றுவதுபோல. ஏற்றுகிறவர் பிரேபென். நான் போய் இறங்கிய முதல் நாளே என்னிடம் கை குலுக்கிவிட்டு, பெயர் கேட்பதற்கு முன்னால் பிறந்தநாளைத்தான் கேட்டார். நான்தான் பொய் சொல்ல மாட்டேனே. சொன்னேன்.

சொன்னதோடு மறந்துபோவார் என்று நினைத்தேன். அந்த வீட்டில் எல்லாவற்றையும் எல்லோரும் மறப்பார்கள், கேஸ் அடுப்பை அணைப்பது உட்பட. பிரேபென் மட்டும் பிறந்தநாள்களை மறப்பதில்லை.

அக்டோபரில் என் நாள் வந்தது. ஜன்னலைத் திறந்தால் கொடி பறக்கிறது. ஜன்னலை மறுபடி சாத்தினேன். ஏனென்றால் உடுமலையில் அம்மாவும் அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள். இருபத்தைந்து முடிந்தது. இனி வரன் வாசலில் நிற்கவேண்டும். கோபியில் ஒரு இடம் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். மாப்பிள்ளைக்குப் பெயர்கூட எனக்குத் தெரியாது, இரண்டு போர்வெல் வண்டி இருக்கிறது என்பது மட்டும் தெரியும். என் ஆசை வேறு. அந்த வீட்டு மனிதர்களோடு இருந்து பார்த்த பிறகு, ஊருக்கு வந்து சிறப்புக் கல்வி டிப்ளமோ படிக்கவேண்டும், அதன் பிறகு நம் ஊரிலேயே அப்படி ஒரு பள்ளியில் சேரவேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அதற்கு ஒரு வருஷம் வேண்டும். யாரும் தட்டு தூக்கிக்கொண்டு வராத ஒரு வருஷம். அம்மாவிடம் இதைச் சொல்ல எத்தனையோ தடவை போனை எடுத்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். சொன்னேனே, கூச்சம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கிர்ஸ்டன் வந்தாள். அவள்தான் அந்த வீட்டின் பொறுப்பாளர், ஆறடி உயரம், சிரித்தால் பாத்திரங்கள் அதிரும். என் கையில் ஒரு மழைக்கோட்டைக் கொடுத்துப் போட்டுக்கொள் என்றாள். பிரேபென் நீச்சலுக்குப் போடுகிற கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டார். நீச்சல்குளத்துக்கு அழைத்துப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். முற்றத்தில் விளக்குக் கம்பம் ஒன்று உண்டு. அதில் என்னைச் சாய்த்து நிறுத்தி, கயிறு சுற்றிக் கட்டினார்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள், கேட்டால் நன்றாக இருக்காது.

முதலில் ஒரு வாளித் தண்ணீர். பிறகு பொடி. பட்டைப் பொடி, கோகிலவாணி. பிரியாணிக்குப் போடுகிற பட்டை. பேக்கரியில் மூட்டையாக வாங்கி வைத்திருந்தார்கள். கேக்குக்கு என்று நினைத்தேன், எனக்கு. கை கையாக அள்ளி வீசினார்கள். தலை, முகம், காது ஒன்றும் பாக்கியில்லை. கிர்ஸ்டன் கத்திச் சொன்னாள், இருபத்தைந்து ஆகியும் கல்யாணம் ஆகாதவர்களுக்கு எங்கள் நாட்டில் இதுதான், வாழ்த்துகள் என்று.

யோசித்துப் பார். இந்தக் கல்யாணப் பேச்சிலிருந்து தப்பித்து, கடல் கடந்து, வாயில் நுழையாத ஊருக்குப் போய் ஒளிந்திருக்கிறேன். அங்கேயும் என்னைக் கம்பத்தில் கட்டிவைத்து, உனக்கு ஏன் இன்னும் ஆகவில்லை என்கிறார்கள்.

ஆனால் ஒன்று. நம் ஊரில் கேட்கும்போது எழுந்து உள்ளே ஓடத் தோன்றும், அங்கே தோன்றவில்லை. சிரிப்பு வந்தது. பிரேபென் என் பக்கத்தில் வந்து, தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு, எனக்கும் போட்டார்கள் என்றார். என்னோடு பேசும்போது ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வார், அதனால் புரிந்தது. அதன் கதையைக் கிர்ஸ்டன் அப்புறம் சொன்னாள். அவருக்கு இருபத்தைந்து ஆனபோது, அப்போது இருந்தவர்கள் இதைச் செய்யவேண்டாம் என்று முடிவு செய்தார்களாம். இவருக்கு எங்கே கல்யாணம் ஆகப்போகிறது, மனசு நோகும் என்று. பிரேபென் காலையிலேயே கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கம்பத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாராம். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் பொடியைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அன்றைக்கு அவர் சிரித்ததுபோல் சிரித்ததே இல்லையாம். இதைக் கேட்டபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அதையே கழுவினேன்.

எங்கே விட்டேன்? கம்பம். கட்டியபடி நிற்கிறேன், என் போன் அடிக்கிறது. அம்மா, வீடியோவில். கிர்ஸ்டன் நல்ல மனுஷி, ஆனால் நம் ஊர் தெரியாதவள். மதர், மதர் என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டே போனை எடுத்து என் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

அம்மா பார்க்கிறாள். ஒரு கம்பம். கம்பத்தில் நான். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் ஏதோ அள்ளி வீசுகிறார்கள்.

"கண்ணு, யாரு இவங்கெல்லாம்? எதுக்கு உன்னைக் கட்டி வெச்சிருக்காங்க?"

நான் உண்மையைத்தான் சொன்னேன். "இருபத்தஞ்சு முடிஞ்சும் கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு இங்க இப்படிச் செய்வாங்கம்மா." இதில் ஒரு சொல் பொய்யில்லை.

அம்மா போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். "அதென்ன பொடி?" என்றாள். பட்டை என்றேன். "நம்ம பட்டையா, சீனப் பட்டையா?" அது தெரியவில்லை என்றேன். அப்புறம் பார்த்தால் போனுக்கு நேராக இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறாள். கண்ணில் தண்ணீர். "அத்தனை தூரம் போயும் உன்னை இப்படி விட்டுடலையே சாமி. பெத்தவ செய்யறதை அவங்க செய்யறாங்களே" என்கிறாள். கிர்ஸ்டனும் பதிலுக்குக் கும்பிட்டாள். பிரேபென் கும்பிட்டார். எல்லோரும் பொடிக் கையோடு கும்பிட்டார்கள். இதற்கு நடுவில் நான் எதை விளக்குவது? கை வேறு கட்டியிருக்கிறது.

அப்புறம் அம்மா கேட்டாள், "பலிக்க எத்தனை நாளாகும்?"

படிப்புக்கு வேண்டியிருந்த அந்த ஒரு வருஷம் என் மனதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது என்று சொன்னேன் இல்லையா? அது வாய் வழியாக வந்துவிட்டது. ஒரு வருஷம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதுவரைக்கும் யாரும் பொண்ணு பார்க்க வரக்கூடாது, வந்தா பலிக்காது" என்பதும் வந்தது. அது பொய் என்று சொல்லாதே. அந்த ஊர் வழக்கத்தை நான் சொல்லவில்லை, என் வழக்கத்தைச் சொன்னேன். அம்மா பிரித்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கே கோபிக்காரர்களை நிறுத்தி வைத்துவிட்டாள். ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்று. அவர்களும் காத்திருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

நான் ஊருக்கு வந்தேன், டிப்ளமோவில் சேர்ந்தேன், தினமும் பஸ்ஸில் கோயம்புத்தூர் போய் வருகிறேன், அக்டோபர் வரை எனக்குக் கவலையில்லை. இதோடு முடிந்திருக்கவேண்டிய கதை. அம்மா மரகதம் அத்தையிடம் சொல்லிவிட்டாள். மரகதம் அத்தை தீபிகாவின் பிறந்தநாளன்று அரைக்கிலோ பட்டையோடு வந்து நின்றாள். பரிகாரத்தை வெளிநாட்டில் நேராக வாங்கிக்கொண்டவள் கையால் போட்டால்தான் விசேஷம் என்று அம்மாவே சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். என்னைக் குறை சொல்கிறவர்கள் அம்மாவையும் கொஞ்சம் பார்க்கலாம்.

தீபிகாவை இதே நாற்காலியில் உட்காரவைத்து முழு உண்மையும் சொன்னேன். வேண்டாம் என்று ஓடிப்போவாள் என்று நினைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாளாம், வாரம் ஒரு வரன் வந்து படிக்க விடுவதில்லையாம். "ஒரு வருஷந்தானாக்கா? ரெண்டு வருஷம்னு சொன்னா என்ன?" என்று பேரம் பேசினாள். முடியாது, பாரம்பரியத்தை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் வரிசையாக வந்தார்கள். அம்மாக்கள் அழைத்து வருவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பெண்கள்தான் அம்மாக்களை அழைத்து வருகிறார்கள். ஒருத்திக்கு மேல்படிப்பு, ஒருத்திக்கு வேலை, ஒருத்திக்குச் சும்மா தூங்கவேண்டும், வேறொன்றுமில்லை. இந்த வீட்டிலேயே அதிகம் மாறியது யார் தெரியுமா? அம்மா. முன்பெல்லாம் கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் போய் உட்காருவாள், யாராவது உன் பெண்ணுக்கு இன்னும் அமையவில்லையா என்று கேட்டுவிடுவார்களோ என்று. இப்போது முன் வரிசையில் உட்காருகிறாள். இவள் போய் உட்கார்ந்ததும் நாலு பேர் சுற்றி வருகிறார்கள். மிக்சியில் பட்டை அரைத்து அரைத்து எங்கள் தெரு முழுக்கக் கல்யாணப் பந்தி வாசனை.

ஆக, இதுதான் உண்மை. இனி உன் முறை. நீ ஒன்றும் சொல்லவேண்டியதில்லை, எனக்கே தெரிகிறது. உள்ளே வந்ததிலிருந்து தலையைக் குனிந்தபடி இருக்கிறாய். போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறாய். அது நடுநடுவே அதிர்கிறது, நீ எடுப்பதில்லை. வரன் வீட்டார்தான், இல்லையா? அவர்களுக்குப் பயந்துதான் எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்க்கிறாய். ஏதோ சொல்ல வாயெடுக்கிறாய், அடக்கிக்கொள்கிறாய். என்னைப்போலவே கூச்சம். எனக்கு உன்னைப் பார்க்க என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. கவலைப்படாதே. ஒரு வருஷம் உனக்கு யாரும் தட்டு தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். அந்த நிபந்தனையை அம்மா இந்நேரம் ஹாலில் உன் அம்மாவிடம் விளக்கமாகச் சொல்லியிருப்பாள். அதை அவள் மிக நன்றாகச் சொல்வாள்.

என்ன? ஏன் எழுந்துவிட்டாய்?

வெள்ளிக்கிழமையா? யார் வருகிறார்கள்? பூ வைக்கவா?

உட்கார். மெதுவாகச் சொல். முகிலன் யார்?

சரி. திருப்பூர். பனியன் கம்பெனியில் டிசைனர். சரி. மூன்று வருஷம். மூன்று வருஷமாக அம்மாவிடம் மன்றாடி இப்போதுதான் சம்மதம் வாங்கியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை பூ வைக்கிறார்கள். முந்தி இரண்டு இடம் தட்டிப்போனதால், எதற்கும் ஒரு பரிகாரத்தை முடித்துவிடுவோம் என்று உன் அம்மா இழுத்து வந்திருக்கிறாள். கிளம்பும்போது ஒரு வருஷ நிபந்தனை அவளுக்குத் தெரியாது. இப்போது ஹாலில் கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமையை அடுத்த தை மாசத்துக்குத் தள்ளிவிடுவாள். தள்ளினால் முகிலன் வீட்டார் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். அவன் அப்பாவே சம்மதமில்லாமல்தான் வருகிறார்.

போன் செய்துகொண்டிருப்பதும் அவன்தானா? வாழ்த்துச் சொல்லவா?

அட, இதை வந்ததும் வராததுமாகச் சொல்வதற்கென்ன?

"நீங்க எங்கீங்கக்கா பேச விட்டீங்க?"

நானா?

சரி. அதை அப்புறம் பார்த்துக்கொள்வோம். அழாதே. மை கரைகிறது. உனக்கு ஒரு வருஷம் கூடாது, எனக்கு ஒரு வருஷம் வேண்டும். பொடி போடாமல் அனுப்பினால் உன் அம்மா விடமாட்டாள், வேறு எங்காவது போய் வேறு எதையாவது கட்டச் சொல்வாள். பொடியைப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமையே பூ வையுங்கள், ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னால்? உனக்குக் கல்யாணம் ஆகிவிடும். ஊரே பேசும். அம்மா சாயங்காலமே கோபிக்குப் போன் போட்டுவிடுவாள், அப்புறம் எதற்கு நாம் காத்திருக்கவேண்டும் என்று. மே மாசம் எனக்குத் தேர்வு, கோகிலவாணி. தீபிகாவுக்கு ஜூனில். இன்னும் எத்தனை பேர். உன் ஒருத்திக்காக எல்லோருடைய வருஷத்தையும் உடைக்க முடியாது. அதற்காக உன்னை அழவிட்டு அனுப்பவும் முடியாது. பிறந்தநாள் வேறு. யாராவது வாழ்த்தினார்களா உன்னை? அம்மா? காலையிலிருந்து தோஷம், தோஷம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாளா?

பிறந்தநாள் வாழ்த்துகள். என் வீட்டில் கொடி இல்லை.

அந்த டப்பாவை எடு. யோசித்துக்கொண்டே திறக்கிறேன். கை வேலையாக இருந்தால் எனக்கு ஏதாவது தோன்றும். மூடி இறுக்கமாக இருக்கிறது. இதோ. நன்றாகத்தான் அரைத்திருக்கிறாள் உன் அம்மா, மாவு மாதிரி இருக்கிறது.

தும்முகிறாயா? இன்னொரு தடவையா?

பொறு. பொறு. அப்படியே நில்.

நான் அன்றைக்கு ஒரு தும்மல்கூடப் போடவில்லை தெரியுமா? தண்ணீரில் நனைத்துத்தான் போட்டார்கள், காற்றும் எதிர்ப்பக்கம். அம்மா வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபிகா தும்மவில்லை. மற்றவர்களுக்கும் தலையை நனைத்த பிறகுதான் போட்டேன், ஒருத்தியும் தும்மவில்லை. அம்மாவே சாட்சி.

கேட்டுக்கொள். பொடி போடும்போது தும்மல் வந்தால் தோஷம் அந்த இடத்திலேயே வெளியேறுகிறது. ஒரு தும்மலுக்கு ஒரு மாசம் கழியும். எந்த ஊரில் என்று கேட்காதே, நான் எந்த ஊர் என்றும் சொல்லவில்லை. தும்மாதவர்கள் முழு வருஷமும் காத்திருக்கவேண்டியதுதான், பாவம், என்ன செய்வது. உனக்கு மட்டும் தலையை நனைக்காமல் உலர்ந்த பொடியாகப் போடுகிறேன். மூக்குக்கு நேராக.

பன்னிரண்டு முடியாதா? சரி, ஒரு தும்மலுக்கு மூன்று மாசம். நான்கு போட்டால் போதும். அதற்குக் குறைக்க என்னால் ஆகாது.

கண்ணைத் துடை. துப்பட்டாவைச் சரி செய். முகிலனிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஹாலுக்குப் போனதும் என் அம்மாவுக்குப் பக்கத்தில் நில், அவளுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம், எண்ணிக்கை தப்பிவிடக் கூடாது.

ஐயோ, மறுபடியுமா? அடக்கு, அடக்கு. மூக்கைப் பிடித்துக்கொள். இங்கே வீணாக்காதே.